பலித்த கனவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் கண்டது பகலில் நடந்துவிட்டதாக உணர்ந்தவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எழுதுபவரின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. அந்த அனுபவம் மெய்யானது. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கதை கட்டுவதில்லை. ஆனால், கனவு வந்து நிகழ்ச்சியை முன்னதாகக் காட்டிச் செல்கிறது என்பதைவிட, நடந்து முடிந்த நிகழ்ச்சிதான் தனக்குப் பொருத்தமான கனவை நினைவுக் குவியலிலிருந்து தேடி எடுக்கிறது என்பதற்கே சான்றுகள் மிகுதி.

எத்தகைய கனவைப் பலித்த கனவு என்று கொள்ளலாம்?

மூன்று செய்திகள் ஒருசேர அமைய வேண்டும். கனவு நிகழ்ச்சிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சியை விழித்திருந்த நிலையில் அறியவோ ஊகிக்கவோ வழி இருந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, எவருக்கும் எப்போதும் பொருந்திவிடும் பொதுத்தன்மை உடையதாக இல்லாமல், தனித்த விவரங்களில் இருக்க வேண்டும். நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியவர் இறப்பதாகக் கண்ட கனவு நடந்தேறினால் அது துயரமே ஆயினும், மேற்சொன்ன இரண்டாம் நிபந்தனையில் நின்றுவிடும். தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய இரவு தேர்ச்சி பெற்றதாகக் கண்ட கனவும் அப்படியே. இந்த மூன்று சல்லடைகளையும் தாண்டி வரும் கனவுகள் மிகச் சிலவே. பேச வேண்டியவை அவைதாம்.

இது எல்லோருக்கும் நேர்வதா?

அரிதானது அன்று. பல நாடுகளில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில், ஏறத்தாழ ஆறில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, தம் வாழ்வில் ஒரு முறையேனும் கனவு பலித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்த அனுபவம் மனநோயின் அடையாளமும் அன்று, தனிப்பட்ட அருளின் அடையாளமும் அன்று.

அந்த அனுபவம் எப்படி இருக்கும்?

இரு வகையாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததாலேயே பல விவாதங்கள் குழம்பிப் போகின்றன.

முதல் வகையில், கனவு கண்டவர் விழித்த உடனேயே நெஞ்சில் ஒரு கனத்தை உணர்கிறார். வழக்கமான கனவுகளைப் போல அது கலைந்து போவதில்லை. பல் துலக்கும்போதும் பேருந்தில் செல்லும்போதும் கூடவே வருகிறது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுகிறார். பிறகு அந்தச் செய்தி வந்து சேர்கிறது. இரண்டாம் வகையில், காலையில் கனவு நினைவிலேயே இருப்பதில்லை. நிகழ்ச்சி கண்முன் நடக்கும் கணத்தில்தான் “இதை நான் ஏற்கெனவே கண்டிருக்கிறேனே” என்ற திடுக்கிடல் எழுகிறது. எண்ணிக்கையில் இரண்டாம் வகையே பெருவாரியாகத் தோன்றுகிறது. சான்று என்ற வகையில் முதல் வகை ஓரளவு நிற்கும். இரண்டாம் வகையில், அந்தக் கனவு உண்மையிலேயே முன்னிரவில் வந்ததா என்பதையே நிறுவ முடியாது.

கனவின் பொருள் எப்போதும் சாவும் விபத்துமாக இருப்பதில்லை. பல ஆண்டுகளாகக் காணாத நண்பரைச் சந்திப்பது, தொலைந்த சாவி கிடைப்பது, யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொல்வது என்று அற்பமானவையும் ஏராளம். அவற்றை மறந்துவிடுகிறோம், சாவுக் கனவைத்தான் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழங்கால அறிஞர்கள் இதை எவ்வாறு புரிந்துகொண்டார்கள்?

கண்மூடித்தனமாக நம்பினார்கள் என்று நினைப்பது தவறு. மருத்துவ நூலான சரக சம்ஹிதை கனவுகளை ஏழாக வகுக்கிறது: கண்டதால் வருவது, கேட்டதால் வருவது, நுகர்ந்து அறிந்ததால் வருவது, விரும்பியதால் வருவது, கற்பனையால் வருவது, வரப்போவதைக் காட்டுவது, வாதம், பித்தம், கபம் என்ற உடலின் தோஷங்களால் வருவது. இவற்றுள் முதல் ஐந்தும் பயனற்றவை என்று மருத்துவர் தள்ளிவிட வேண்டும் என்கிறது அந்நூல். வரப்போவதைக் காட்டும் கனவுக்கு இடம் விட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம் ஏழில் ஒன்றே.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இன்னும் கடுமையானவர். கனவு பின்னர் நடப்பதற்குக் காரணமாக இருக்கலாம், அறிகுறியாக இருக்கலாம், அல்லது தற்செயலாக ஒத்துப்போகலாம் என்று மூன்றாகப் பிரித்து, பெரும்பாலானவை மூன்றாம் இனமே என்றார். விலங்குகளும் கனவு காண்கின்றன, எனவே கனவு கடவுள் அனுப்பும் செய்தியாக இருக்க முடியாது என்பதும் அவர் வாதம். நாள் முழுவதும் அம்பு எய்துகொண்டிருப்பவன் எப்போதாவது ஒரு முறை இலக்கை அடிக்காமலா போவான் என்று ரோமாபுரியின் பேச்சாளர் சிசெரோ கேட்டது, புள்ளியியல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் சாரத்தைச் சொல்லிவிட்ட கேள்வி.

இலக்கியத்தின் வழி வேறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி காணும் கனவில், கணவனோடு ஒரு பெருநகருக்குப் போகிறாள், ஊரார் அடாத பழி சுமத்துகிறார்கள், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததென்று கேட்டு மன்னன் முன் வழக்குரைக்கிறாள், மன்னனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. ஒன்று விடாமல் அனைத்தும் பலிக்கின்றன. பலிக்காமல் எப்படி இருக்கும்? முடிவை அறிந்த பிறகுதானே புலவர் கனவை எழுதுகிறார்! நம்முடைய சொந்தக் கனவுகளையும் நாம் பல நேரங்களில் இதே வரிசையில்தான், முடிவு தெரிந்த பின் தொடக்கத்தை அமைத்து, சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆபிரகாம் லிங்கன் தம் சாவைக் கனவில் கண்டார் என்கிறார்களே?

அவரைப் பற்றி வழங்கும் கனவுகள் இரண்டு. புகழ் பெற்றது, வெள்ளை மாளிகையில் ஒரு சடலம் கிடத்தப்பட்டிருப்பதையும், இறந்தவர் யார் என்று கேட்டபோது குடியரசுத் தலைவர் என்று காவலர் சொன்னதையும் கண்ட கனவு. இது லிங்கனின் நண்பர் வார்ட் ஹில் லாமன் வழியாக வந்த செய்தி; கொலை நடந்து பல ஆண்டுகள் கழிந்த பின் வெளியானது. லிங்கன் உயிரோடிருந்த காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு எதுவும் இதற்குத் துணை நிற்கவில்லை. வரலாற்றாசிரியர் பலர் இதை ஐயத்துடனேயே பார்க்கிறார்கள்.

மற்றொன்று அத்தனை பரவலாகப் பேசப்படாதது; என் பார்வையில் அதுவே கூடுதல் பாடம் தருவது. 1865 ஏப்ரல் 14 அன்று, சுடப்பட்ட அதே நாளில், அமைச்சரவைக் கூட்டத்தில் லிங்கன் ஒரு கனவைச் சொன்னதாகக் கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கலத்தில், தெளிவற்ற ஒரு கரையை நோக்கி விரைந்து செல்வதாக அந்தக் கனவு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு முன்பும் இதே கனவு தமக்கு வந்ததாகவும், ஆகவே தளபதி ஷெர்மனிடமிருந்து நல்ல செய்தி வரப்போகிறது என்றும் லிங்கன் கூறினார். அவ்வாறு அவர் அடுக்கிய போர்க்களப் பெயர்களுள் ஒன்றைக் கேட்டதும், அது வெற்றியே அன்று என்று அங்கிருந்த தளபதி கிராண்ட் மறுத்ததும் அக்குறிப்பில் உண்டு. அன்று பகலில் அது வெற்றிக் கனவு. இரவில் தோட்டா பாய்ந்த பின் அதுவே மரணக் கனவு. கனவு மாறவில்லை, அதன் பொருளை மாற்றியது அடுத்து நடந்த நிகழ்ச்சி.

நாளிதழ் செய்தியை முன்கூட்டிக் கனவில் கண்ட டன் யார்?

ஜே. டபிள்யூ. டன் ஆங்கிலேயப் படைவீரர், விமான வடிவமைப்பாளர். 1902இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, ஒரு தீவு வெடிக்கப் போவதாகவும், அங்குள்ள 4,000 பேரைக் காப்பாற்றக் கப்பல் அனுப்பும்படி பிரெஞ்சு அதிகாரிகளிடம் தாம் மன்றாடுவதாகவும் கனவு கண்டார். பின்னர் வந்த நாளிதழில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக் தீவில் மோன் பெலே எரிமலை வெடித்ததும் 40,000 பேருக்கு மேல் மாண்டிருக்கலாம் என்பதும் தலைப்பாக இருந்தன. அவசரத்தில் டன் அதை 4,000 என்றே படித்துவிட்டார். அந்தப் பிழை பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரிந்தது. உண்மையில் இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். இரண்டு எண்ணும் தவறு.

தாம் கண்டது எரிமலையை அன்று, நாளிதழைப் படிக்கப்போகும் தம் சொந்த அனுபவத்தையே என்று டன் முடிவு கட்டினார். காலத்தைப் பற்றிய ஒரு முழுக் கொள்கையையே இதன்மேல் எழுப்பி 1927இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அந்த 4,000 என்ற எண்ணுக்கு எளிய விளக்கம் ஒன்றும் உண்டு: நாளிதழைத் தவறாகப் படித்த பிறகு, தெளிவற்றிருந்த கனவின் நினைவில் அந்த எண் போய் அமர்ந்திருக்கலாம். தம் நினைவு தம்மை ஏமாற்றுகிறதோ என்ற ஐயம் டன்னுக்கே எழுந்தது; எழுந்தவுடனே எழுதிவைக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டதும் அதனால்தான். அந்த நேர்மைக்காக, கொள்கையை ஏற்காதவர்களும் அவரை மதிக்கலாம்.

இத்தனை நுணுக்கமாகப் பொருந்துவதைத் தற்செயல் என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

ஒரே ஒரு கனவையும் ஒரே ஒரு நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முடியாதுதான். ஆனால் நாம் கண்ட கனவுகள் எத்தனை? மனிதர் ஒவ்வோர் இரவும் நான்கைந்து முறை, கண்விழிகள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில் நுழைகிறார். ஒவ்வொன்றிலும் கனவுகள் எழுகின்றன, பெரும்பாலானவை விடிவதற்குள் அழிகின்றன.

பேச்சுக்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். உடலே சிலிர்க்கும்படி மறுநாள் நிகழ்ச்சியோடு கனவு ஒத்துப்போவது, 20,000 இரவுகளில் ஒரு முறைதான் தற்செயலாக நேரும் என்று கொள்வோம். அப்படியானால், 50 ஆண்டுகளில் 18,250 இரவுகளைக் கடக்கும் ஒருவருக்கு, அது ஒரு முறையேனும் நேர்வதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு. பத்து லட்சம் மக்கள் வாழும் நகரில் ஒவ்வொரு காலையிலும் 50 பேர் சிலிர்த்து எழ வேண்டும். அந்த 50 பேரும் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். மீதி 9,99,950 பேரும் “நேற்று கண்ட கனவு நடக்கவில்லை” என்று யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார்கள். செய்தி நம்மை வந்தடையும் வழியே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கு ஒரு தனிக் கனவு தற்செயலே என்று மெய்ப்பிப்பதில்லை. இது தற்செயலாக இருக்கவே முடியாது என்ற வாதத்தின் காலை மட்டும் தட்டிவிடுகிறது.

நினைவு அந்த அளவுக்குப் பிசகுமா?

பிசகும், அதுவும் பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாமலே. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு 1899இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், முன்பு தம் குடும்ப மருத்துவராக இருந்தவரை வியன்னாவின் ஒரு குறிப்பிட்ட கடை வாசலில் சந்திப்பதாகக் கனவு கண்டு, மறுநாள் அதே இடத்தில் அவரைச் சந்தித்த பெண்ணொருவரின் கதையை ஆராய்கிறார். துருவிக் கேட்டபோது, அந்தச் சந்திப்புக்கு முன் கனவை அப்பெண் நினைவுகூர்ந்ததற்கு அடையாளமே இல்லை. சந்தித்த பின்னரே, முன்னிரவில் இதைக் கண்டோம் என்ற உறுதி அவருள் உருவாகியிருக்கிறது என்பது ஃபிராய்டின் முடிவு.

உண்மையிலேயே கனவு வந்திருந்தாலும் சிக்கல் தீருவதில்லை. கனவின் நினைவு ஈரக் களிமண் போன்றது. மாமா கீழே விழுந்ததாகக் கண்டோமா, மாமாவைப் போன்ற ஒருவர் எங்கோ சறுக்கியதாகக் கண்டோமா என்பது காலையில் நமக்கே தெளிவாக இருப்பதில்லை. மாமா படியில் தவறி விழுந்த செய்தி வந்ததும் களிமண் அந்த வடிவத்தில் இறுகிவிடுகிறது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பொருந்தாத விவரம் ஒன்று உதிர்கிறது, பொருந்தும் விவரம் ஒன்று கூர்மையாகிறது.

தேர்ந்து மறப்பதும் உண்டு. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கனவுகளும் பின்னர் நடந்தவையும் அடங்கிய நாட்குறிப்பைப் படிக்கக் கொடுத்து, பிறகு கனவுகளை நினைவுகூரச் சொன்னபோது, பலித்த கனவுகளே பலிக்காதவற்றைவிட மிகுதியாக நினைவில் நின்றன. அவை படித்தவர்களின் சொந்தக் கனவுகள்கூட அல்ல.

முறையாக யாரேனும் சோதித்துப் பார்த்ததுண்டா?

உண்டு. 1932 மார்ச் 1 அன்று விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டபோது, உளவியலாளர் ஹென்றி முர்ரே, இதைப் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதியனுப்பும்படி நாளிதழ் வழியாகக் கேட்டார். 1,300க்கும் மேற்பட்ட கனவுகள் வந்து சேர்ந்தன. குழந்தையின் உடல் மே மாதத்தில் மரங்களுக்கிடையே, மேலோட்டமாகத் தோண்டிய குழியில் கிடைத்தது. வந்த கனவுகளில் குழந்தை இறந்துவிட்டதாகக் காட்டியவையே ஏறத்தாழ 5 விழுக்காடுதான்; இறப்பு, குழி, மரங்கள் என்ற மூன்றையும் கொண்டிருந்தவை நான்கே. உடல் கிடைப்பதற்கு முன்பே கனவுகள் கைக்கு வந்துவிட்டன என்பதுதான் இந்த ஆய்வின் பெருமை. அந்த நான்கு பேர் மட்டும் தம் ஊரில் கதை சொல்லியிருந்தால் நாமும் நம்பியிருப்போம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள மைமோனிடெஸ் மருத்துவமனையின் உறக்க ஆய்வகத்தில், மறுநாள் தேர்ந்தெடுக்கப்படப் போகும் படத்தை முன்னிரவிலேயே ஒருவர் கனவில் காண்கிறாரா என்று சோதித்து, சாதகமான முடிவுகளை வெளியிட்டார்கள். பிற ஆய்வகங்களில் அந்த வலு நிலைக்கவில்லை. கனவுக்கு வெளியே, 2011இல் உளவியலாளர் டேரில் பெம் ஒன்பது சோதனைகளில் எதிர்காலத்தை உணரும் ஆற்றல் தென்பட்டதாக அறிவித்தார். மறுஆண்டே வேறு ஆய்வாளர்கள் அவற்றுள் ஒன்றை மும்முறை திருப்பிச் செய்து எதையும் காணவில்லை. உளவியல் தன் ஆய்வு முறைகளையே சந்தேகிக்கத் தொடங்கியதற்குப் பெமின் கட்டுரையும் ஒரு காரணம். அவர் எதிர்பார்த்த பயன் அதுவன்று.

அபர்ஃபான் பேரழிவைப் பலர் முன்கூட்டியே கனவில் கண்டார்களாமே?

1966 அக்டோபர் 21 அன்று, வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுமலை சரிந்து பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். மனநல மருத்துவர் ஜான் பார்க்கர், இதை முன்னுணர்ந்தவர்கள் எழுதும்படி ஒரு நாளிதழ் மூலம் வேண்டியபோது 76 மடல்கள் வந்தன. இறந்த ஒரு சிறுமி, பள்ளிக்குப் போனதாகவும் அங்கே பள்ளியே இல்லை, கறுப்பாக ஏதோ அதன்மேல் வந்து மூடியிருந்தது என்றும் முன்தினம் தாயிடம் சொன்ன கனவு இன்றும் உலகெங்கும் சொல்லப்படுகிறது. அது எழுத்தில் பதிவானது பேரழிவுக்குப் பின்னர்தான். பார்க்கரும் இந்தக் குறையை உணர்ந்து, அடுத்த முறை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும் என்று 1967இல் ஒரு பணியகத்தை ஏற்படுத்தினார். நம்பகமான எச்சரிக்கை எதுவும் அதிலிருந்து கிடைக்கவில்லை.

கனவைப் பற்றிய பேச்சில் மறைந்துபோகும் ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு மேலே கழிவு கொட்டப்படுவதால் வரக்கூடிய ஆபத்தைப் பற்றி, 1963 முதலே உள்ளூர் நிர்வாகத்திலிருந்து கடிதங்கள் போயிருந்தன. அந்தக் கழிவுமலை, ஊற்றுநீரின்மேல் குவிக்கப்பட்டிருந்தது, முன்பும் சரிந்திருந்தது. விசாரணை ஆணையம் 1967இல் தேசிய நிலக்கரி வாரியத்தையே பொறுப்பாக்கியது. ஊர் முழுவதும் பகலில் அஞ்சிக்கொண்டிருந்த ஒன்று ஒரு குழந்தையின் இரவில் நுழைவதற்குக் காலத்தைக் கடந்த பார்வை தேவையில்லை. உறங்கியவர்களின் கனவுகளைத் தேடித் திரட்டிய உலகம், விழித்திருந்தவர்கள் எழுதிய கடிதங்களை முன்பே படித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

உடலில் வரப்போகும் நோயைக் கனவு காட்டுமா?

இந்த ஒரு கதவு மட்டும் சற்றே திறந்திருக்கிறது. பகலின் இரைச்சலில் கவனிக்கப்படாத சிறு உடல் மாற்றம் உறக்கத்தில் பெரிதாகத் தோன்றலாம் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். கனவு காணும் கட்டத்தில் தசைகள் தளர்ந்து கிடப்பதே இயல்பு. சிலருக்கு அந்தத் தளர்ச்சி குறைந்து, கனவில் வரும் சண்டையை உறக்கத்திலேயே கைகால் வீசி நடத்திவிடுவார்கள். வேறு காரணமின்றி நடுவயதுக்குப் பின் இந்தக் கோளாறு தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு, ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயோ அதைச் சார்ந்த நரம்புச் சிதைவு நோயோ வருவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே முன்னறிவிப்பாக இருப்பது கனவின் கதை அன்று, உடலின் அசைவு. அத்தகையவர் கனவுப்பலன் தேடாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவுற்ற பெண் காணும் கனவு பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லுமா என்றும் கேட்கிறார்கள். ஏறக்குறைய பாதிக் கனவுகள் சரியாகத்தான் இருக்கும்.

“இதை முன்பே கனவில் கண்டேன்” என்று திடீரெனத் தோன்றுவது ஏன்?

புதிய இடத்தின் அமைப்பு, மறந்துபோன பழைய இடம் ஒன்றை ஒத்திருந்தால், எங்கே கண்டோம் என்பது தெரியாமல் பழகிய உணர்வு மட்டும் எழும். மூலத்தைத் தேடும் மனம் கனவைக் கைகாட்டுகிறது. கூடவே, அடுத்து நடக்கப்போவதும் தெரியும் என்ற உறுதி வருவதுண்டு. உளவியலாளர் ஆன் கிளியரி 2018இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு உறுதியாக உணர்ந்தவர்களிடம் அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, அவர்களின் விடைகள் குத்துமதிப்பைத் தாண்டவில்லை.

கனவு கண்டும் எச்சரிக்காமல் இருந்துவிட்டேன், உறவினர் இறந்துவிட்டார். தவறு என்னுடையதா?

இல்லை. இந்தக் கேள்வியை எழுப்புபவர்களின் வேதனை மற்ற எல்லாக் கேள்விகளைவிடவும் கனமானது. நாம் யாரை இழக்க அஞ்சுகிறோமோ அவர்களைப் பற்றியே தீய கனவுகள் வருகின்றன. அதே தாய்க்கோ அண்ணனுக்கோ கெடுதல் நேர்ந்ததாகக் கண்டு, எதுவும் நடக்காமல் கடந்துபோன இரவுகள் உங்களுக்கும் இருந்திருக்கும். அன்று காலையில் உங்கள் கையில் இருந்தது நாளும் இடமும் இல்லாத ஓர் அச்சம் மட்டுமே. நடந்த பின்பு கிடைத்த தெளிவை எடுத்துப்போய் நடக்கும் முன்பிருந்த உங்களிடம் கொடுத்துவிட்டு, ஏன் பயன்படுத்தவில்லை என்று நீங்களே விசாரிக்கிறீர்கள். துக்கம் இப்படிக் குற்ற உணர்வாக உருமாறி உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தால், மனநல ஆலோசகரிடம் இதே சொற்களில் சொல்லலாம்; அவர்கள் கேட்டுப் பழகியதுதான்.

என் கனவுகளை நானே சோதிக்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

படுக்கையருகே குறிப்பேடு வைத்து, கண் விழித்ததும், கைபேசியைத் தொடுவதற்கு முன், நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். உணர்ச்சியை மட்டும் எழுதாமல் ஆள், இடம், பொருள், நிறம் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். எந்தக் கனவு பலிக்கும் என்று தோன்றுகிறதோ அதன் ஓரத்தில் அன்றே அடையாளமிடுங்கள். எத்தனை நாளுக்குள் நடக்க வேண்டும் என்ற கெடுவையும் எழுதுங்கள். கெடு இல்லாத கனவு என்றைக்காவது பலித்தே தீரும். அடையாளமிட்டவை எத்தனை, அவற்றுள் பலித்தவை எத்தனை என்று ஆறு மாதம் கழித்து எண்ணுங்கள். ஒற்றுமை உண்டா என்பதை உங்களை அறியாத ஒருவர் முடிவு செய்வது நல்லது.

முந்தைய ஒரு வாரத்தின் நிகழ்ச்சிகளையும் சுருக்கமாகக் குறித்துவையுங்கள். பகலில் கண்டவை அன்றிரவே கனவில் வருவதோடு, ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்தும் மீண்டும் தலைகாட்டுகின்றன என்று உறக்க ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குள் பகல் நினைவு மங்கிவிடுவதால், கனவு எங்கிருந்தோ வந்ததாகத் தோன்றிவிடுகிறது.

இவ்வளவும் செய்து, ஒரு கனவு அப்படியே நடந்துவிட்டால்?

எழுதிய பக்கத்தைத் திருத்தாமல் வைத்திருங்கள். ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். அது ஒன்றை வைத்து அடுத்த கனவை நம்பிப் பயணத்தை நிறுத்துவதோ, திருமணத்தைத் தள்ளிப்போடுவதோ, பிறருக்குச் சாவுச் செய்தி சொல்வதோ வேண்டாம். அடுத்த ஆறு மாதக் கணக்கில் அதுவும் ஒன்றாகச் சேரட்டும்.